கை நீட்டி வாங்கிய காசு

நம்பிக்கை: “ஏஜென்சியிடம் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டாள். இனி ஒப்பந்தக் காலம் முடியாமல் எப்படித் திரும்புவாள்?”

உண்மை: இலங்கையிலிருந்து மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போகிறவளுக்கு முகவரே முன்கூட்டிப் பணம் கொடுப்பதுண்டு. கூரைத் தகடு மாற்ற, நுண்கடன் அடைக்க என்று விமானம் ஏறுமுன்பே அது கரைந்துவிடும். பிறகு அடி விழுந்தாலும் சம்பளம் வராவிட்டாலும், “வாங்கினதைத் திருப்பிக் கட்டு” என்ற ஒரு வார்த்தை போதும், அவள் அங்கேயே கிடப்பாள். ஊரும் முகவரின் பக்கம் நின்று அதையே சொல்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆளை அனுப்பியதற்காக அங்கிருந்து முகவருக்கு வரும் தரகுப் பணத்தின் ஒரு துண்டுதான் அவள் கையில் கிடைத்தது. கடனைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிப்போடுவது 2006 முதல் நமது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். ஏமாற்றியோ, ஒருவரின் இயலாமையைப் பயன்படுத்தியோ கட்டாய வேலைக்கு அனுப்புவது ஆட்கடத்தல். “விரும்பித்தானே போனாள்” என்பதும் எடுபடாது. ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தை 2000ஆம் ஆண்டின் பலேர்மோ நெறிமுறை சம்மதமாகவே கொள்வதில்லை. இலங்கை 2015இல் அதை ஏற்று உறுதிசெய்தது.

நம்பிக்கை: “பெண்களைப் போகவிடாமல் மறித்தால் பிரச்சினை தீர்ந்தது.”

உண்மை: 2005இல் மூதூரிலிருந்து சவூதிக்குப் போன பிள்ளைக்கு வயது 17. 1988இல் பிறந்தவளை 1982இல் பிறந்தவளாக்கியிருந்தது அவளது பாஸ்போட். அவள் பராமரித்த குழந்தை இறந்த வழக்கில், 2013 ஜனவரியில் அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த ஆண்டே இலங்கை அரசு பணிப்பெண்ணாகப் போவதற்கான வயதெல்லையை உயர்த்தியது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் போகக்கூடாது என்றது. குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டது. தகப்பன்மாரிடம் எவரும் அப்படியொரு அறிக்கை கேட்கவில்லை. பாஸ்போட்டில் வயதைத் திருத்தியவர்களுக்குத் திருத்த இன்னொரு தாள் கிடைத்தது. அறிக்கை கிடைக்காத தாய்மார் விசிட் விசாவில் புறப்பட்டார்கள். அப்படிப் போனவளுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவில்லை, காப்புறுதியில்லை, காட்டுவதற்கு ஒப்பந்தமும் இல்லை. விசிட் விசாவில் ஓமானுக்குப் போன பெண்கள் விற்கப்பட்டதாக 2022இன் இறுதியில் விசாரணை நடந்தபோது, தூதரக அதிகாரி ஒருவரே கைதானார். கட்டுப்பாடுகள் பிற்பாடு தளர்த்தப்பட்டன. ஆனால் விசிட் விசா என்ற அந்தக் கள்ளப்பாதை முகவர்களுக்கு நன்றாகப் பழகிவிட்டது.

நம்பிக்கை: “பாஸ்போட்டை எசமான் வைத்திருப்பதுதான் அந்த நாட்டுச் சட்டம்.”

உண்மை: இல்லை. பணிப்பெண்ணின் சம்மதமின்றி அதை வாங்கி வைப்பதைக் குவைத்தின் 2015ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் சட்டம் தடுக்கிறது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் அவளுக்கு உண்டு என்கிறது.

பாஸ்போட், ஒப்பந்தம் இரண்டிலும் ஒவ்வொரு பிரதி வீட்டில் இருக்கட்டும். பணியகத்தின் தொலைபேசி இலக்கம் 1989. போகிறவளோடு சேர்த்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மாவுக்கும் அதைப் பாடமாக்கிக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை வரும் அழைப்பு வராமற்போனால் முதலில் அறிபவள் அவள்தான்.