சொந்த வாக்கியம்: ஐஇஎல்டிஎஸ் வகுப்பெடுக்கப் போகும் இளம் ஆசிரியருக்கு

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பல்கலைக்கழகத்தின் ஐஇஎல்டிஎஸ் அகடமிக் ஆங்கிலத் தேர்வு வகுப்பை இந்தப் பருவத்தில் உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. “பதினைந்து வாரத்தில் எல்லோரையும் ஏழு வாங்க வைத்துவிட முடியுமா சார்?” என்று கேட்டிருந்தாய். இந்த வகுப்புக்குள் முதன்முதலாக நுழையும் பலருக்கும் இதே கேள்வி இருக்கும். அதனால் பதிலை எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐரோப்பிய மொழித்தர அளவில் ஒரு படி ஏற, ஏறத்தாழ 200 மணி நேரம் வழிகாட்டலோடு படிக்க வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் பொதுவான மதிப்பீடு. ஐஇஎல்டிஎஸில் ஐந்தரை முதல் ஆறரை வரை பி2 என்ற படி. ஏழு வாங்கினால் சி1. வாரத்துக்கு 4 மணி நேரம், 15 வாரம் என்றால் உன் கையில் இருப்பது 60 மணி நேரம்தான். இதை முதல் நாளே கரும்பலகையில் போட்டுக் காட்டு. மாணவர்கள் சோர்ந்துபோவார்களோ என்று தயங்காதே. மீதி 140 மணி நேரம் அவர்களுடையது. அதை எப்படிச் செலவிடுவது என்ற பழக்கத்தைக் கொடுப்பதுதான் உன் வகுப்பின் வேலை.

நான் வகுப்பெடுத்த முதல் ஆண்டில் இந்தக் கணக்கை யாருக்கும் சொல்லவில்லை. குறுக்குவழி தேடினேன். எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் முன்னுரை, எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் முடிவுரை என்று எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். வேளாண் பொறியியல் படித்த மாணவன் ஒருவன் அதை ஓர் எழுத்து பிசகாமல் ஒப்பிப்பான். தேர்வில் அவனுக்கு வந்த கட்டுரைத் தலைப்பு தண்ணீர்ப் பற்றாக்குறை. அவன் கடைமடைக்காரன். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும் இரவுகளில் அப்பாவோடு வரப்பில் நின்று வளர்ந்தவன். அதில் ஒரு வரியைக்கூட அவன் எழுதவில்லை. நான் கொடுத்த முன்னுரையையும் முடிவுரையையும் எழுதி, நடுவில் பொதுவாக நாலு வாக்கியம் சேர்த்துவிட்டு வந்தான். ரீடிங்கில் 7 வாங்கியவனுக்கு ரைட்டிங்கில் 5.5. “நீங்க குடுத்ததத்தான் சார் எழுதினேன்” என்றான். அவன் குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

அன்றிலிருந்து ஒன்றை உறுதியாக நம்புகிறேன். மாணவர் தனக்குத் தெரிந்ததைத் தானே கட்டிய வாக்கியத்தில் சொல்லப் பழகுவதுதான் தயாரிப்பு. மற்றவை எல்லாம் அதற்குத் துணை. கட்டுரையைத் திருத்துபவர் நான்கைப் பார்க்கிறார்: கேட்டதற்குப் பதில் இருக்கிறதா, கருத்துகள் கோவையாக வருகின்றனவா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி. மனப்பாடம் செய்தவர் முதல் அளவுகோலிலேயே வழுக்கி விடுகிறார்.

எழுத்துத் தாளின் முதல் பகுதியில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து 20 நிமிடத்தில் 150 சொற்களாவது எழுத வேண்டும். இதற்குப் பயிற்சிப் புத்தகத்தைத் தேடி அலையாதே. நாளிதழில் மேட்டூர் அணையின் நீர்மட்டமும் நீர்வரத்தும் வருகிறதல்லவா, அதை ஒரு மாதம் வெட்டி ஒட்டச் சொல். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிக்காமல், “மாதத் தொடக்கத்தில் மெல்ல ஏறிய மட்டம் நடுவில் நின்று, பிறகு சரிந்தது” என்று மொத்தப் போக்கை முதலில் ஒரு வாக்கியத்தில் சொல்ல வை. அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் இந்தப் பகுதியில் நல்ல மதிப்பெண் வராது. ஏன் சரிந்தது என்ற ஊகம் இங்கே வேண்டாம். கண்ணில் பட்டதை மட்டும் எழுதட்டும்.

இரண்டாம் பகுதி 250 சொல் கட்டுரை. 40 நிமிடம். மதிப்பெண்ணில் முதல் பகுதியைப் போல இரு மடங்கு எடை. இரு தரப்பையும் ஆராய்ந்து உன் கருத்தைச் சொல் என்று கேட்டால் நம் பிள்ளைகள் திகைக்கிறார்கள். திகைக்க என்ன இருக்கிறது? பொங்கலுக்குப் பொங்கல் பட்டிமன்றம் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். நடுவர் என்ன செய்கிறார்? இரு அணியின் வாதத்தையும் நியாயமாக எடுத்துச் சொல்லி, எடைபோட்டு, தீர்ப்புக்குக் காரணம் சொல்கிறார். அந்த நடுவராக எழுதச் சொல். ஆனால் மேடையின் அடுக்குமொழியையும் கைதட்டல் வரிகளையும் கட்டுரைக்குள் விடாதே. ஒரு பத்திக்கு ஒரு கருத்து, அதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும்.

கேள்வியில் உள்ள வரியை அப்படியே திருப்பி எழுதக் கூடாது என்றதும், பிள்ளைகள் சொல்லுக்குச் சொல் மாற்றுச்சொல் தேடுவார்கள். அதைத் தடுத்து, பள்ளியில் குறளுக்குப் பொழிப்புரை எழுதியதை நினைவூட்டு. பொழிப்புரை எழுதுபவர் கருத்தை உள்வாங்கிக்கொண்டு, மூலத்தைப் பார்க்காமல் தன் நடையில் சொல்கிறார். தாளைத் திருப்பி வைத்துவிட்டு எழுதச் சொல். நாளை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பிறர் ஆய்வைக் களவு இல்லாமல் எடுத்தாள அவர்களுக்குக் கைகொடுக்கப் போவதும் இதே திறமைதான்.

ரீடிங்கில் மூன்று பகுதிகள், 40 கேள்விகள், 60 நிமிடம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் ‘ஃபால்ஸ்’, ‘நாட் கிவன்’ இரண்டுக்கும் நடுவில் தடுமாறுவார்கள். இப்படி விளக்கு: மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது என்று பகுதியில் இருக்கிறது. ‘1950இல் முடிந்தது’ என்றால் ஃபால்ஸ், பகுதி அதை மறுக்கிறது. ‘திட்டமிட்டதைவிடக் கூடுதல் செலவானது’ என்றால் நாட் கிவன், பகுதி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. விஷயம் தெரிந்த மாணவர்தான் இங்கே அதிகம் ஏமாறுகிறார். பகுதி சொல்லாததைத் தன் அறிவால் நிரப்பிவிடுகிறார். ஓர் ஆவணம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்தறிவது ஆராய்ச்சிக்கே அடிப்படை. அதனால் இதைத் தேர்வுத் தந்திரமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கடந்து போகாதே.

லிசனிங்கில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். பேசுபவர் ஒரு தேதியைச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே திருத்திக்கொள்வார். முதலில் காதில் விழுந்ததை எழுதிவிட்டு ஓயக் கூடாது என்று பழக்கு. எழுத்துப்பிழைக்கும் மதிப்பெண் போகும்.

பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். அதில் ஒரு தலைப்பைக் கொடுத்து, யோசிக்க ஒரு நிமிடம் விட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். நீங்கள் மதிக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் வகுப்பில் பாதிப்பேர் அப்துல் கலாம் என்பார்கள். கலாம் மதிப்புக்குரியவர்தான். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது பாடப்புத்தகக் கலாம். நாற்பது விநாடியில் தீர்ந்துவிடும். கைக்குழந்தைக்காரி ஏறினால் தன் இருக்கையை விட்டுக்கொடுக்கும் ஊர்ப் பேருந்தின் நடத்துநரைப் பற்றி என்றால் இரண்டு நிமிடம் போதாது. தமிழ் வாடை அடிக்கும் உச்சரிப்பை எண்ணி அவர்கள் கூச வேண்டியதில்லை. கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்பதே அளவு. அழுத்தத்தை மட்டும் கவனி. ‘டெவலப்’ என்ற சொல்லில் நாம் முதல் அசையை அழுத்துகிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் இரண்டாவதில். இப்படி அவரவர் பாடத்தில் அடிக்கடி வரும் ஐம்பது சொற்களைத் திருத்தினாலே பேச்சு தெளிந்துவிடும்.

சொற்பட்டியல் கேட்பார்கள். நியூசிலாந்தின் ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. அதைக் கொடு. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தன் துறைக் கட்டுரை ஒன்றில் கண்டுபிடித்து, அந்த வாக்கியத்தோடு நோட்டில் எழுதி வந்தால்தான் படித்ததாகக் கணக்கு என்று சொல்லிவிடு.

தேர்வு முடிவு இரண்டு ஆண்டுகள்தான் செல்லும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு மேற்கோள்களோடு மூவாயிரம் சொல் கட்டுரை கேட்பார்கள். 250 சொல் எழுதிப் பழகிய கை அங்கே நடுங்கும். முப்பது நாள் கோச்சிங்கால் இதற்கு எதுவும் செய்ய முடியாது. பல்கலைக்கழக வகுப்பால் முடியும். உன்னைச் சுற்றி நூலகமும் மற்றத் துறைகளும் இருக்கின்றன. கடைசி மூன்று வாரத்தை மாதிரித் தேர்வுக்கே கொடுத்துவிடாதே. ஒவ்வொருவரும் தன் துறையில் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து, சுருக்கி எழுதி, வகுப்பில் நின்று விளக்கட்டும்.

அந்தக் கடைமடைப் பையனை மறுபடி உட்கார வைத்தபோது நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. முறைத் தண்ணீர் எப்படி வரும் என்று தமிழில் சொல்லச் சொன்னேன். அரை மணி நேரம் சொன்னான். பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். பிழைகள் இருந்தன. ஆனால் திருத்துவதற்கு முதல் முறையாக அவனுடைய வாக்கியங்கள் என் கைக்கு வந்தன.

நீயும் அங்கிருந்தே தொடங்கு. முதல் வகுப்பில் ஆளுக்கு ஒரு தாள் கொடு. இந்த அறையில் தனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொல். சிவப்பு மையை எடுக்காதே, வாங்கி வைத்துக்கொள். பதினைந்தாம் வாரம் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்து, அவர்களையே திருத்தச் சொல். எல்லோருக்கும் ஏழு வருமா என்று என்னால் சொல்ல முடியாது. யார் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பதை அந்தத் தாள் அவரவருக்குச் சொல்லிவிடும்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்