மதராஸ் தளமும் மழைநீரும்

ஓட்டுக்கூரை சரிந்திருத்தலால் மழைநீர் தானே வழிந்தோடும். மொட்டைமாடியோ அந்நீரைச் சற்று நேரமேனும் தன்மேல் தாங்கியே தீரவேண்டும். ஆகவே அதனைக் கட்டுவோர் பாரத்தோடு நீரையும் கணக்கிற் கொள்ளுதல் அவசியம். இவ்விரண்டிற்கும் ஒருங்கே வழிகண்ட பழைய முறையே ‘மதராஸ் டெரேஸ்’ என்பது. சென்னையின் பழைய மாளிகைகள் பலவற்றில் இன்றும் அதனை நாம் அண்ணாந்து பார்க்கலாம்.

சுவர்களின்மேல் தேக்குச் சட்டங்களை ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பரப்புவர். 6 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் 1 அங்குல கனமும் உள்ள சிறு செங்கற்களைப் படுக்கவையாது, விளிம்பில் நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தினால் மூலைவாட்டமாக ஒட்டிச் செல்வர். கீழே முட்டுப்பலகை கிடையாது! மூலையில் தொடங்குவதன் சூட்சுமம் இதுவே: முதல் வரிசை மிகக் குறுகியதாதலால் இருபுறத்துச் சுவரையும் பற்றி நிற்கும், அதனை அடுத்த வரிசை பற்றும். இதனை ஏட்டிற் படிப்பதினும் கைதேர்ந்த கொத்தனார் அருகே நின்று காண்பது மேல். அத்தகையோர் இந்நாளில் அருகிவிட்டனர்.

இதன்மேல் செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குல கனத்திற்குப் பரப்பி, வெல்லமும் கடுக்காயும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டைகளால் நாட்கணக்கில் தட்டுவர். நீர் புகுவது இடைவெளிகளின் வழியே ஆதலின், தட்டுதல் வெறும் சடங்கன்று. கட்டை தடம் பதியாது எகிறும்வரை அது நிற்கலாகாது. பின்னர்ச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்றுக் கல்லாய் இறுகும். நுண்ணிய வெடிப்பு உண்டாயின், கசியும் நீரே சுண்ணாம்பைக் கரைத்து அவ்வெடிப்பிற் படியவைத்து ஓரளவு அடைத்துவிடும். மேலே தட்டோடு பதித்து, நீர்த்தாரையை நோக்கி வாட்டம் கொடுப்பர்.

பழைய தளம் ஒழுகத் தொடங்கியவுடன் அதன்மேல் சிமெண்டு பூசுவோர் பலர். நாம் இதனை ஒப்புவதில்லை. சிமெண்டு விறைப்பானது, வெயிலில் விரிந்து இரவிற் சுருங்கும் தளத்தோடு இசையாது வெடிக்கும். வெடிப்பின் வழியே இறங்கிய நீர் மீண்டும் ஆவியாய் வெளியேற இயலாது சட்டங்களைச் சென்றடையும். சுவரினுள் புதைந்த சட்டத்தின் முனையே முதலில் உளுக்கும். அறையில் உறங்குவோர்க்கு அது புலப்படாது. ஆதலின் ஒழுக்கு எங்கே தோன்றினும் முனைகளைத் தட்டிப் பார்த்த பின்னரே பூச்சைப்பற்றி எண்ணவேண்டும்.

பெரும்பாலும் ஒழுக்கு தளத்தின் நடுவில் தோன்றுவதில்லை. கைப்பிடிச்சுவரும் தளமும் கூடும் மூலையிலேயே தோன்றும். அங்கே சாந்தை வளைவாக அணைத்துப் பூசுக. அரச, ஆலங் கன்றுகளை இலைவிடும்போதே வேரோடு களைக. வடகிழக்குப் பருவமழை வருமுன் நீர்த்தாரைகளிற் சருகு அகற்றுக.