சாட்டைப்புழு: ஒரு பரிசோதனை போதாது

நாயின் மலத்தில் சளியும் புது ரத்தமும் தென்படும்போது, பரிசோதனையில் முட்டை இல்லை என்று வந்தாலும் சாட்டைப்புழு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பெருங்குடலில் தலையைப் புதைத்து வாழும் இப்புழு, உடலுக்குள் போய் ஏறக்குறைய 3 மாதம் கழித்தே முட்டையிடும், அதுவும் விட்டுவிட்டுத்தான். சில நாள் கழித்து மறுபடி பரிசோதிப்பதே சரி. போன மாதம்தானே பூச்சி மருந்து கொடுத்தோம் என்பீர்கள். பைரன்டெல் மட்டும் உள்ள மருந்துக்கு இது மசியாது, ஃபென்பெண்டசோலுக்குக் கேட்கும். வளரும் புழுக்கள் தப்பிவிடலாம் என்பதால், மருத்துவர் சொல்லும் அளவில் 3 வாரத்திலும் 3 மாதத்திலும் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். முட்டைகள் ஈரமண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆனால் புதிதாக விழுந்த முட்டை தொற்றும் நிலைக்கு வர வாரங்கள் பிடிக்கும். அதற்குள் அப்புறப்படுத்த, மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.