பழைய கிதாருக்குப் புத்துயிர்

கொல்கத்தாவின் லால்பஜார் பகுதியில், ரவீந்திர சரணியை ஒட்டி இசைக்கருவிக் கடைகள் வரிசையாக அமைந்துள்ளன. அந்நகரப் பட்டறைகளில் உருவான கிதார்கள் பல பத்தாண்டுகளாக நாடெங்கும் விற்பனையாகி வந்துள்ளன. அவற்றுட் பல இன்று பரண்களிலும் பழைய பொருள் கடைகளிலும் உறங்குகின்றன. குறைந்த விலைக்குக் கிடைக்கும் இத்தகைய கருவி, இசை பயிலத் தொடங்கும் பிள்ளைக்கு நல்ல துணையாகலாம். ஆயின், குறையறியாது வாங்கினால் பழுதுபார்க்கும் செலவு புதிய கிதாரின் விலையையும் மிஞ்சிவிடும்.

வாங்குமுன் மூன்று சோதனைகள்

முதலாவது, கழுத்து. ஒரு கம்பியை 1-ஆவது, 14-ஆவது ஃபிரெட்டுகளில் ஒருசேர அழுத்துங்கள். அக்கம்பியே நேர்கோல் ஆகிவிடும். 7-ஆவது ஃபிரெட்டின் மேல் தடித்த தாள் நுழையும் அளவு இடைவெளி போதும். மிகுதியாக இருப்பின் கழுத்து முன்வளைந்துள்ளது. உள்ளே ட்ரஸ் ராட் என்னும் உலோகத் தண்டு இருந்தால், அதன் திருகைக் கால் சுற்றாகத் திருப்பிச் சரிசெய்யலாம். தண்டு இல்லையேல் வீட்டில் திருத்த இயலாது.

இரண்டாவது, கம்பியின் உயரம். 12-ஆவது ஃபிரெட்டில் தடித்த கம்பி சுமார் 2.5 மி.மீ. உயரத்தில் நின்றால் விரலுக்கு எளிது. 4 மி.மீ. உயரம் இருப்பின் 1.5 மி.மீ. குறைக்க வேண்டும். 12-ஆவது ஃபிரெட் கம்பியின் நடுப்புள்ளி. ஆகவே, முனையிலுள்ள சேடிலில் அதன் இருமடங்கு, அதாவது 3 மி.மீ. தேய்க்க வேண்டும். அவ்வளவு உயரம் சேடிலில் இல்லையெனில், கழுத்தையே கழற்றிக் கோணம் மாற்ற நேரும். அத்தகைய கருவியைத் தவிர்ப்பதே நலம்.

மூன்றாவது, பிரிட்ஜ். அதன் பின்விளிம்பில் மெல்லிய தாள் நுழைந்தால் பசை விட்டுள்ளது என்று பொருள்.

சீரமைத்தல்

பசை விட்ட இடுக்கில் புதுப்பசையை ஊற்றுவது பயன் தராது. பிரிட்ஜை மெல்லச் சூடாக்கிப் பிரித்து, பழைய பசையை முற்றிலும் சுரண்டி, மரத்தோடு மரம் பொருந்துமாறு மரப்பசையிட்டு இறுக்க வேண்டும். ஒரு நாள் முழுதும் உலர்ந்த பின்னரே கம்பி பூட்டலாம்.

கம்பித் தேர்வும் முக்கியம். 0.012 அங்குலத்தில் தொடங்கும் எஃகுக் கம்பித் தொகுதி மேற்பலகையைச் சுமார் 70 கிலோ விசையுடன் இழுக்கிறது, 0.010 தொகுதியில் இது 60 கிலோவை ஒட்டியே இருக்கும். முதிய கருவிக்கு மெல்லிய கம்பியே ஏற்றது. நைலான் கம்பிக்கென்று செய்த கிதாரில் எஃகுக் கம்பி பூட்டினால், மேற்பலகை புடைத்துக் கருவியே பாழாகும்.

மாற்றங்கள்

மீட்கக்கூடிய மாற்றங்களையே முதலில் செய்யுங்கள். பிளாஸ்டிக் சேடிலுக்கு மாற்றாக எலும்புச் சேடில் பொருத்தலாம், பழையதைப் பத்திரப்படுத்துங்கள். இறுக்கம் தளர்ந்த முறுக்காணிகளுக்குப் பதிலாக, அதே துளைகளில் பொருந்துபவற்றை வாங்குங்கள். ஒலிபெருக்கியில் இணைக்க விரும்புவோர்க்கு ஒலித்துளையில் செருகும் பிக்கப் போதும்; உடலில் துளையிட்டால் அதை மறைக்க இயலாது.

விலை, கம்பி, உதிரிப்பாகம், கூலி ஆகியவற்றைக் கூட்டி எழுதிய பின்னரே முன்பணம் கொடுங்கள். மூன்று சோதனைகளிலும் தேறிய கருவிக்குச் செலவிடும் தொகை, பல்லாண்டுகள் இசையாய்த் திரும்பி வரும்.