சுழலும் அழுத்தமும்

புதுச்சேரி நகருக்கு வடமேற்கே சேதராப்பட்டு என்னும் ஊர் உள்ளது. 2011ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் காலையில், 'தானே' என்னும் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்பகுதியெங்கும் மரங்கள் வேரோடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன, உயிர்கள் பல மாண்டன. கடலூர் மாவட்டத்தில் பல்லாண்டு வளர்ந்த பலாவும் முந்திரியும் ஒரே நாளில் அழிந்தன. காற்று இத்துணை விரைவாகச் சுழல்வது எவ்வாறு?

கயிற்றில் கட்டிய கல்லைச் சிறுவன் ஒருவன் சுழற்றுகிறான். கல் விலகி ஓட முயல்கிறது; கயிறு அதனை உள்நோக்கி இழுத்து நிறுத்துகிறது. கயிற்றை உள்ளிழுத்துக் குறுக்கினால், கல் முன்னிலும் விரைந்து சுழலும். சுழலும் காற்றுக்கும் நீருக்கும் இக்கயிறு போன்றது அழுத்த வேறுபாடே. வெளியே அழுத்தம் மிகுந்தும் மையத்தில் குறைந்தும் இருப்பதால், காற்று சிதறாமல் மையத்தைச் சுற்றி வருகிறது. மையத்தை நெருங்க நெருங்க அதன் விரைவும் பெருகுகிறது. கடல்மட்டத்தில் இயல்பான காற்றழுத்தம் ஏறத்தாழ 1010 மில்லிபார். தானே புயலின் மையத்திலோ அது ஏறத்தாழ 970 மில்லிபாராகத் தாழ்ந்தது. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால், கடல்நீர் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும் என்பர்.

மதகின்வழிக் கொந்தளித்துப் பாயும் நீரிலும் எண்ணற்ற சிறு சுழல்கள் தோன்றி மறைகின்றன. 1991ஆம் ஆண்டில் பாரிசு நகர அறிவியலார் மூவர், நீர்த்தொட்டியில் இரு வட்டத் தட்டுகளை எதிரெதிராகச் சுழற்றி, நீரில் நுண்குமிழிகளைக் கலந்தனர். குமிழிகள் அழுத்தம் குறைந்த இடங்களை நாடிச் சென்று, மெல்லிய இழைகளாகத் திரண்டன. கடுஞ்சுழல்களின் நடுப்பகுதிகளே அவ்விழைகள். அவை சிறிது பொழுதில் சிதைந்து மறைந்தன.

சுழல் நீண்டு மெலிந்தால் அதன் வேகம் மிகும். ஆயின் அவ்வேகம் எல்லையின்றி வளர்வதில்லை. நீரின் பிசுப்புத் தன்மை அதனைத் தேய்க்கிறது. அன்றியும், மிகக் கடுமையான சுழல்களில் அழுத்தமே மேலும் நீளவிடாமல் தடுக்கிறது என்பதைக் கணிப்பொறிக் கணக்கீடுகள் அண்மையில் காட்டியுள்ளன. சுழலைப் பிணைத்து நிறுத்தும் அழுத்தமே, அது வரம்பு மீறாமலும் காக்கிறது.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. நகரில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மிகுதியாக மழை பெய்தது. இக்கரையில் புயல்கள் இனியும் வரும். பாரமானி விரைந்து இறங்கக் கண்டால், அதன் பொருள் உணர்ந்து, உரிய காலத்தில் பாதுகாப்பான இடம் சேர்வதே அறிவுடைமை ஆகும்.