வீட்டில் ஓர் அறை காலியா? உடற்பயிற்சிக்கு ஒதுக்குங்கள்

பிள்ளைகள் திருமணமாகித் தனி வீட்டுக்குப் போன பிறகு, நான்கறை, ஐந்தறை வீவக வீடுகளில் ஓர் அறை காலியாகிறது. சில மாதங்களில் பழைய பெட்டிகளும் தீபாவளிச் சாமான்களும் இஸ்திரி போட வேண்டிய துணிகளும் அங்கே குடியேறிவிடும். அந்த அறையை நீங்கள் உடற்பயிற்சிக்கு ஒதுக்கலாம். பெரிய செலவு தேவையில்லை. முதல் மாதம் எந்தச் சாதனமும் வாங்காமல் இருப்பதே நல்லது.

நடந்தால் மட்டும் போதாதா?

நடப்பது நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் பெரியவர்களுக்கான பரிந்துரையில் இரண்டு பகுதிகள் உள்ளன. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கம் ஒன்று. வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி மற்றொன்று. விட்டுப்போவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

வயது ஏற ஏறத் தசை குறைகிறது. கோயிலில் தரையில் அமர்ந்துவிட்டு, எழும்போது பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடிக்க வேண்டியிருக்கிறதா? தொடைத் தசைகள் பலமிழப்பதற்கு அது ஓர் அறிகுறியாக இருக்கலாம். கால்கள் பலவீனமானால் கீழே விழும் அபாயமும் கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: இரத்தத்தில் உள்ள சர்க்கரையைப் பெருமளவு பயன்படுத்துவது தசைகளே.

அறையைத் தயார்ப்படுத்துதல்

கைகளை இரு பக்கமும் நீட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எதிலும் இடிக்கக்கூடாது. பாயில் படுத்துக் கைகளைத் தலைக்கு மேல் நீட்டும் அளவுக்குத் தரையில் இடம் இருக்க வேண்டும். ஒரு சுவரையாவது காலியாக விடுங்கள். கைகளை மேலே தூக்கும் பயிற்சிகளை மின்விசிறிக்கு நேர் கீழே செய்ய வேண்டாம்.

ஒழித்த பொருள்களை வாசலுக்கு வெளியே அடுக்கிவிடாதீர்கள். தீ ஏற்பட்டால் எல்லாரும் வெளியேறும் வழி அது. பெரிய சாமான்களை அகற்றுவது பற்றி உங்கள் நகர மன்றத்திடம் கேளுங்கள்.

பாம் ஷெல்டர் என்று நாம் சொல்லும் பாதுகாப்பறையில் கதவை மூடிக்கொண்டு பயிற்சி செய்ய வேண்டாம். அங்கே காற்றோட்டம் குறைவு. பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீடானால், அவர்கள் ஏறி நிற்கக்கூடிய எதையும் சன்னல் அருகே வைக்காதீர்கள்.

என்ன செய்யலாம்?

சக்கரம் இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கைகளை ஊன்றாமல் 10 முறை மெதுவாக எழுந்து உட்காருங்கள். முடியாவிட்டால் முதலில் ஊன்றியே செய்யலாம். பிறகு சுவரில் இரு கைகளையும் வைத்து, மார்பைச் சுவர் பக்கம் கொண்டுபோய்த் தள்ளித் திரும்புங்கள். நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி குதிகால்களை உயர்த்தி இறக்குங்கள். எடைக்கு 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல் போதும். நிரப்பினால் சுமார் 1.5 கிலோ. மூச்சை அடக்காதீர்கள், குறிப்பாக இரத்த அழுத்தம் உள்ளவர்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

வியர்வை சிந்திய ஓட்டுத் தரை வழுக்கும். காலுறையோடு மட்டும் நிற்க வேண்டாம்.

ஒரு மாதம் விடாமல் செய்தீர்களா? இப்போது ஓர் எலாஸ்டிக் பட்டையும் கெட்டியான பாயும் வாங்கலாம். டிரெட்மில் பற்றி நன்றாக யோசியுங்கள். துணி காயப்போடும் கொடியாக மாறிய டிரெட்மில்கள் நம் வீடுகளில் ஏராளம்! வாங்கினால், பயன்படுத்தாத நேரத்தில் மின்இணைப்பைத் துண்டித்து, பாதுகாப்புச் சாவியைச் சிறுவர்களுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஓடும் பட்டை பிஞ்சு விரல்களை மோசமாகக் காயப்படுத்தும். அதிர்வு கீழ்வீட்டாருக்குக் கேட்கும் என்பதால் இரவு 10 மணிக்குப் பிறகு இயக்க வேண்டாம்.

தொடங்கும் முன்

இதய நோய், நீரிழிவு, மூட்டுவலி உள்ளவர்களும் நெடுநாள் உடற்பயிற்சி செய்யாதவர்களும் முதலில் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ ஆலோசனை பெறுங்கள். இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் பயிற்சிக்கு முன் அளவைப் பாருங்கள். 4.0 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் தொடங்க வேண்டாம். இனிப்பாக ஏதேனும் எடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். இனிப்பு மிட்டாய் சில அறையிலேயே இருக்கட்டும்.

தனியாகப் பயிற்சி செய்யும்போது அறைக் கதவைத் தாழிடாதீர்கள். கைத்தொலைபேசி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நெஞ்சுவலி, கடுமையான மூச்சுத்திணறல், மயக்கம் ஏற்பட்டால் உடனே நிறுத்தி 995ஐ அழையுங்கள்.