கடை வரிசையை வைத்து வங்கிக் கடன்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் கடை கட்டி வாடகைக்கு விட்டவர் வங்கிக்குப் போனால், "இடமே எண்பது லட்சம் போகும் சார்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். மேலாளர் கேட்பதோ, "மாசம் என்ன வாடகை வருது?" இடம் கடனுக்குக் காப்பு மட்டுமே. தவணை கட்டப்போவது வாடகை.

செய்ய வேண்டியவை

• வங்கியின் கணக்கை முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள். 15,000 ரூபாய் வாடகையில் நான்கு கடைகள் என்றால் ஆண்டுக்கு 7.20 லட்சம். காலியாகக் கிடக்கும் மாதங்கள், சொத்து வரி, பராமரிப்புக்கு 1.20 லட்சம் கழித்தால் மிஞ்சுவது 6 லட்சம். தவணையைப்போல 1.25 மடங்கு வருமானம் வேண்டும் என்று வங்கி கேட்டால், மாதத் தவணை 40,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. 10.5 சதவீத வட்டி, 10 ஆண்டுத் தவணைக்கு அது சுமார் 29.6 லட்சம் கடன்.

• வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது.

• மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி, வரி ரசீது ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் முதலில் மாற்றுங்கள்.

• நில எடுப்பு அறிவிக்கைகளில் உங்கள் சர்வே எண் உள்ளதா என்று பாருங்கள். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலை சேத்தியாத்தோப்பு வழியாகத்தான் வருகிறது. என்.எல்.சி. சுரங்க விரிவாக்கத்துக்காக 2023 ஜூலையில் பக்கத்து வளையமாதேவியில் பயிர் நின்ற வயலிலேயே வாய்க்கால் வெட்டினார்கள்.

செய்யக்கூடாதவை

• இடத்தின் விலையை மட்டும் நம்பாதீர்கள். 80 லட்சத்தில் 60 சதவீதம் என்றால் 48 லட்சம். வாடகைக் கணக்கு சொல்வது 29.6 லட்சம். வங்கி தருவது இரண்டில் குறைந்ததை.

• வாடகையைக் கையில் வாங்காதீர்கள். வங்கிக் கணக்கில் ஏறாத வாடகை மேலாளர் கண்ணுக்குத் தெரியாது.

• நஞ்சையாகவே பதிவில் இருக்கும் நிலத்தில் கட்டிய கடையைக் காட்டாதீர்கள். விவசாய நிலத்தை 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டத்தில் கைப்பற்ற முடியாது என்பதால் வங்கி தயங்கும்.

• நெய்வேலி நகரியத்தில் கிடைத்த கடை ஒதுக்கீட்டைச் சொந்தச் சொத்தாக எண்ணாதீர்கள். ஒதுக்கீட்டு ஆணை கிரயப் பத்திரம் ஆகாது.

• பழைய கடனை மறைக்காதீர்கள். சிபில் அறிக்கை சொல்லிவிடும்.

• ஒரே வாடகைதாரரை நம்பிக் கடன் வாங்காதீர்கள். அவர் காலி செய்தால் தவணை நிற்கும். அது 90 நாள் தாண்டி நிலுவையில் நின்றால் வாராக்கடன். பிறகு 60 நாள் நோட்டீஸ். அதன்பின் கட்டடத்தை வங்கி கையகப்படுத்தலாம்.

நான்கில் ஒரு கடை ஆறு மாதம் பூட்டிக் கிடந்தாலும் தவணை கட்ட முடியுமா? முடியும் என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.